மாரடைப்புக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பெரியப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். நான்காவது வருஷம் பெருங்குடலில் புற்றுநோய் என்றார்கள். "ஒரே ஆளுக்கு ரெண்டுமா வரும்?" என்று பெரியம்மா கேட்டபோது எங்கள் வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. அதற்கப்புறம் தேடித் தேடிப் படித்ததையும், உறவுக்காரர்களும் தெரிந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மாத்திரையை நிறுத்துவது, மாற்றுவது எல்லாம் உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் பேசித்தான் செய்ய வேண்டும்.

இரண்டு நோய்க்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா, இல்லை தற்செயலா?

தொடர்பு உண்டு, அதுவும் இரண்டு விதமாக. முதல் விதம் எல்லோருக்கும் தெரிந்தது: இரண்டையும் கொண்டுவரும் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். புகையிலை, மது, உடல் பருமன், சர்க்கரை, உட்கார்ந்தே இருக்கும் வாழ்க்கை, காற்று மாசு, வயது. பீடி பிடிப்பவரின் நுரையீரலைக் கெடுக்கும் அதே புகைதான் இதயத் தமனியையும் கெடுக்கிறது. இந்தியாவில் 2016-17-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினார்கள்.

இரண்டாவது விதம்தான் புதியது. அடிபட்ட இதயம் ரத்தத்தில் விடும் பொருள்களும், அதனால் எலும்பு மஜ்ஜையில் நடக்கும் மாற்றங்களும், உடம்பில் வேறெங்கோ இருக்கும் கட்டியை வேகமாக வளரச் செய்கின்றனவா? கடந்த பத்து வருஷங்களாக ஆராய்ச்சியாளர்கள் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதயம் ரத்தத்தை இறைக்கும் பம்புதானே? அது எப்படிக் குடலில் இருக்கும் கட்டியோடு பேசும்?

வெறும் பம்பு இல்லை என்பது 1981-லேயே தெரிந்துவிட்டது. கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அடோல்ஃபோ டி போல்ட் என்ற ஆராய்ச்சியாளரின் குழு, எலியின் இதய மேலறையிலிருந்து எடுத்த சாற்றை இன்னொரு எலிக்கு ஊசியில் செலுத்தியது. அந்த எலி உப்பும் நீருமாக நிறையச் சிறுநீர் கழித்தது. அதாவது, இதயமே ஒரு ஹார்மோனைச் சுரந்து சிறுநீரகத்துக்குச் செய்தி அனுப்புகிறது. இன்றைக்கு மூச்சு வாங்குகிறது என்று போனால் "பி.என்.பி. டெஸ்ட் எடுங்க" என்கிறார்களே, அது அளப்பதும் இதே குடும்பத்து ஹார்மோனைத்தான். இதயத்தின் மேல் சுமை ஏற ஏற அதன் அளவும் ஏறும்.

ஆக, நோயுற்ற இதயம் சும்மா இருப்பதில்லை. நிறைய சுரக்கிறது. அதில் சில, கட்டிக்கும் போய்ச் சேர்கின்றன.

இதை முதலில் சோதனையில் காட்டியவர்கள் யார்?

நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த ருடால்ஃப் டி போயரின் குழு. 2018-இல் வெளிவந்த ஆய்வு அது. குடலில் தானாகவே கட்டிகள் முளைக்கும் மரபணுக் கோளாறு கொண்ட எலிகளை எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றுக்கு இதயத் தமனியைக் கட்டி மாரடைப்பை உண்டாக்கினார்கள். மற்றவற்றுக்கு நெஞ்சைத் திறந்து, தமனியைத் தொடாமல் மூடினார்கள். அறுவை சிகிச்சை ஒன்றே, மாரடைப்பு மட்டும்தான் வித்தியாசம். மாரடைப்பு வந்து இதயம் செயலிழந்த (அதாவது நின்றுபோகாமல், இறைக்கும் சக்தி குறைந்துபோன) எலிகளின் குடலில் கட்டிச்சுமை 2.4 மடங்கு இருந்தது. இதயத்தில் தழும்பு எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்குக் கட்டியும் கூடியது.

இங்கே ஒரு சந்தேகம் வரும். இதயம் சரியாக இறைக்காததால் குடலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து, அதனால் கட்டி வளர்ந்திருக்கலாம் அல்லவா? அதைத் தீர்க்க அவர்கள் செய்ததுதான் என்னை அசரவைத்தது. எலியின் சொந்த இதயத்தை அப்படியே நன்றாக இயங்கவிட்டு, செயலிழந்த வேறோர் இதயத்தைக் கூடுதலாக அதன் உடம்பில் பொருத்தினார்கள். ரத்தத்தை இறைக்கும் வேலையைச் சொந்த இதயமே பார்த்துக்கொண்டது. அப்போதும் கட்டி வளர்ந்தது. காரணம் ரத்த ஓட்டக் குறைவு இல்லை, கெட்ட இதயம் ரத்தத்தில் கலந்துவிடும் ஏதோ ஒன்று என்று இதிலிருந்து தெரிந்தது.

அந்த 'ஏதோ ஒன்றை'த் தேடியபோது, இதயச் செயலிழப்பு நோயாளிகளின் ரத்தத்தில் சில புரதங்கள் அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். அவற்றில் செர்பின்-ஏ3 என்ற புரதத்தை, மனிதப் பெருங்குடல் புற்றுச் செல்களின் மேல் விட்டதும் அந்தச் செல்கள் வேகமாகப் பெருகின.

மார்பகப் புற்றுநோயிலும் இப்படியா?

ஆமாம், ஆனால் அங்கே பாதை வேறு. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேத்ரின் மூரின் குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வு இது. எலிகளின் மார்பகத் திசுவில் புற்றுச் செல்களை வைத்து, சில நாளில் மாரடைப்பை உண்டாக்கினார்கள். மாரடைப்பு வராத எலிகளைவிடக் கட்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிதானது.

ஏன் என்று பார்த்தால், விஷயம் எலும்பு மஜ்ஜையில் இருந்தது. ரத்த அணுக்கள் உருவாகும் இடம் அதுதான். மாரடைப்பு வந்ததும் மஜ்ஜை அவசர அவசரமாக மோனோசைட் என்ற வெள்ளையணுக்களை அனுப்புகிறது. இறந்துபோன இதயத் தசையை அப்புறப்படுத்திப் புண்ணை ஆற்றுவது இவற்றின் வேலை. ஆனால் இந்த முறை மஜ்ஜையிலேயே அவற்றின் குணம் மாறிவிடுகிறது. மரபணு எழுத்து மாறுவதில்லை. எந்த மரபணு திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்ற அமைப்பு மாறுகிறது. நோய் எதிர்ப்பைத் தூண்ட வேண்டிய அணுக்கள், எதிர்ப்பை அடக்கும் அணுக்களாகிக் கட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. புற்றுச் செல்லைக் கொல்ல வரும் டி செல்களுக்கு அங்கே இடம் இல்லாமல் போகிறது. அந்த மோனோசைட்டுகளை அகற்றிவிட்டால், மாரடைப்பு வந்தாலும் கட்டி கூடுதலாக வளரவில்லை என்பதையும் காட்டினார்கள்.

அதே ஆய்வில் மனிதர்களின் தரவும் உண்டு. ஆரம்ப நிலையில் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட 1,724 பேரில், அதற்குப் பிறகு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற நிகழ்வுக்கு ஆளானவர்களுக்குப் புற்றுநோய் திரும்ப வரும் வாய்ப்பும், புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பும் ஏறக்குறைய 60 சதவீதம் அதிகமாக இருந்தன.

உடம்பே தனக்கு எதிராக இப்படிச் செய்யுமா?

உடம்பு தனக்கு எதிராக எதையும் செய்யவில்லை. மாரடைப்பு ஒரு புண். புண் ஆற வேண்டுமென்றால் அழற்சி (அடிபட்ட இடத்தில் உடம்பு காட்டும் வீக்கம், சூடு போன்ற எதிர்வினை) கொஞ்ச நாளில் அடங்க வேண்டும், புது ரத்தக்குழாய் முளைக்க வேண்டும், செல்கள் பெருக வேண்டும். இதெல்லாம் இதயத்துக்கு நல்லது. ஆனால் இந்த உத்தரவு ரத்தத்தில் போகிறது, உடம்பு முழுக்கக் கேட்கிறது. கட்டி எதிர்பார்ப்பதும் இதையேதான்: புது ரத்தக்குழாய், பெருகச் சொல்லும் சமிக்ஞை, அடங்கிய காவல். அமெரிக்க நோயியல் அறிஞர் ஹெரால்ட் ட்வோராக் 1986-லேயே கட்டிகளை 'ஆறாத புண்கள்' என்று வர்ணித்தார். இதயத்தின் புண்ணை ஆற்ற அனுப்பிய மருந்தை ஆறாத புண்ணும் வாங்கிக் குடித்துவிடுகிறது.

எனக்கு மாரடைப்பு வரவில்லை, பிரஷர் மட்டும்தான். எனக்கும் இது பொருந்துமா?

இஸ்ரேலின் ஹைஃபாவில் உள்ள டெக்னியான் கல்வி நிறுவனத்தில் அமி அரோன்ஹைமின் குழு இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு சோதனையைச் செய்தது. எலியின் மகாதமனியை இறுக்கி இதயத்துக்குச் சுமை ஏற்றினார்கள். பல வருஷம் கவனிக்காமல் விட்ட உயர் ரத்த அழுத்தத்தில் இதயத் தசை தடிப்பது போன்ற நிலை அது. இதயம் இன்னும் செயலிழக்கவில்லை, தடிக்க மட்டுமே ஆரம்பித்திருந்தது. அப்போதே, எலிகளின் உடம்பில் வைத்த புற்றுச் செல்கள் வேகமாக வளர்ந்தன, பரவவும் செய்தன. பெரியோஸ்டின் என்ற புரதத்துக்கு இதில் பங்கு இருப்பதாகக் கண்டார்கள்.

பிரஷர் இருக்கிற எல்லோருக்கும் கட்டி வளரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பிரஷரைக் கட்டுக்குள் வைக்க இன்னொரு காரணம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். "எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்று மாத்திரையை விட்டுவிடுபவர்கள் நம் ஊரில் நிறைய. இதயம் தடிப்பது வலிக்காது.

கால் தமனியில் அடைப்பு இருப்பவர்களும் கேட்கிறார்கள். எலியின் காலுக்குப் போகும் ரத்தத்தைத் தடுத்தபோதும் மார்பகக் கட்டி இரு மடங்கு வேகத்தில் வளர்ந்ததாக அதே நியூயார்க் குழு 2025-இல் காட்டியது. இதயம்தான் அடிபட வேண்டும் என்றுகூட இல்லை.

எலிக்கு நடந்ததெல்லாம் மனிதனுக்கு நடக்குமா?

பலரும் பயந்துகொண்டே கேட்கும் கேள்வி இது. நேரடியாகச் சொல்கிறேன்: மனிதரில் கிடைத்த ஆதாரம் பலமானது, ஆனால் ஒருமனதானது இல்லை.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ஓம்ஸ்டெட் மாவட்ட மக்களை வைத்து 2013-இல் வந்த ஆய்வில், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 68 சதவீதம் கூடுதலாக இருந்தது. முதல் மாரடைப்பு வந்த 1,081 பேரைப் பின்தொடர்ந்த 2016 ஆய்வு இன்னும் முக்கியமானது. இவர்கள் எல்லோருமே மாரடைப்பு வந்தவர்கள். அவர்களுக்குள் இதயம் செயலிழந்தவர்களுக்கு, செயலிழக்காதவர்களைவிடப் புற்றுநோய் 71 சதவீதம் அதிகம். டென்மார்க்கில் 9,307 இதயச் செயலிழப்பு நோயாளிகளைப் பார்த்தபோது அந்தக் கூடுதல் 24 சதவீதம்.

அப்புறம் இதற்கு நேர்மாறானதும் இருக்கிறது. அமெரிக்க ஆண் மருத்துவர்கள் 28,341 பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்த ஆய்வில், வயது முதலியவற்றைக் கழித்துப் பார்த்தபோது இதயச் செயலிழப்புக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. எலிகளிலும் எல்லாப் புற்றுநோயும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. சிறுநீரகப் புற்றுநோயை வைத்துச் செய்த சோதனையில் மாரடைப்பால் கட்டி பெரிதாகவில்லை.

இன்னொரு சிக்கல், இதய நோயாளி அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போகிறார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று எடுக்கிறார். வேறு யாருக்கும் தெரியாமல் கிடக்கும் கட்டி அவருக்குச் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. கணக்கில் 'அதிகம்' என்று வருவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

அப்படியானால் இதய நோய் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று சொல்லலாமா?

அப்படிச் சொல்லக் கூடாது. 'உண்டாக்குவது' வேறு, 'வளர்ப்பது' வேறு. நான் மேலே சொன்ன எலிகளுக்கு எல்லாம் கட்டிக்கான மரபணுக் கோளாறு ஏற்கெனவே இருந்தது, இல்லாவிட்டால் புற்றுச் செல்களை ஆராய்ச்சியாளர்களே வைத்தார்கள். விதை தனியாக வந்தது, அடிபட்ட இதயம் தண்ணீர் மட்டும் ஊற்றியது. விதையே இல்லாத இடத்தில் மாரடைப்பு மட்டும் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று இந்தச் சோதனைகள் காட்டவில்லை.

அழற்சிதான் நடுவில் இருக்கிறது என்றால், அதைக் குறைத்தால் இரண்டும் குறையுமா?

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கான்டோஸ் என்ற பெரிய ஆய்வு. பாஸ்டனின் பால் ரிட்கர் தலைமையில் நடந்து 2017-இல் முடிவு வந்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்து, ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற அழற்சிக் குறியீடு உயர்ந்திருந்த 10,061 பேர் அதில் சேர்ந்தார்கள். இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும் கனக்கினுமாப் மருந்தை மூன்று அளவுகளில் கொடுத்தார்கள். மறுபடி மாரடைப்பு வருவது குறைந்தது. யாரும் பெரிதாக எதிர்பார்க்காதது, நுரையீரல் புற்றுநோயும் குறைந்தது. அதிக அளவு மருந்து பெற்றவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் 77 சதவீதம் குறைந்தது.

படித்ததும் எனக்கு அப்படியொரு சந்தோஷம். ஆனால் அதே மருந்தால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. பிறகு, நுரையீரல் புற்றுநோய் வந்துவிட்டவர்களுக்குச் சிகிச்சையாக அதைக் கொடுத்துப் பார்த்த கனோப்பி ஆய்வுகள் வெற்றி பெறவில்லை. எனவே யாராவது 'அழற்சியைக் குறைக்கும்' பொடி, கஷாயம், மாத்திரை என்று விற்று இரண்டு நோயும் வராது என்றால் நம்பாதீர்கள்.

நான் சாப்பிடும் இதய மாத்திரைகளே புற்றுநோயைக் கொண்டுவருமா?

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. டெல்மிசார்டான், லோசார்டான் வகை பிரஷர் மாத்திரைகளால் புற்றுநோய் சற்று கூடலாம் என்று, பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2010-இல் சொன்னது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இன்னும் பெரிய தரவை எடுத்துப் பார்த்து, அப்படிக் கூடவில்லை என்று 2011-இல் அறிவித்தது. 2018-இல் வால்சார்டான் மாத்திரைகள் சிலவற்றைப் பல நாடுகள் திரும்பப் பெற்றது வேறு விஷயம். தயாரிப்பின்போது கலந்த ஒரு மாசுதான் அங்கே பிரச்சினை, மருந்து இல்லை. பயத்தில் மாத்திரையை நிறுத்தினால் வரும் ஆபத்து நிச்சயமானது.

ஆஞ்சியோ, சி.டி. போன்றவற்றின் கதிர்வீச்சுக்குச் சிறிய விலை உண்டு. கனடாவின் கியூபெக்கில் மாரடைப்பு வந்த 82,861 பேரைப் பார்த்த ஆய்வில், ஒவ்வொரு 10 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுக்கும் புற்றுநோய் வாய்ப்பு 3 சதவீதம் கூடியது. தேவையான ஆஞ்சியோவை இதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். தேவையில்லாத ஸ்கேனை "ஒரு தடவை பார்த்துக்கலாமே" என்று நீங்களாகக் கேட்டு வாங்கவும் வேண்டாம்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். மலத்தில் ரத்தம் வந்தால் அதனால்தானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

பெரியப்பாவுக்கு அப்படித்தான் வந்தது. ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அந்த மாத்திரை சாப்பிட்டா அப்படித்தான் வரும், பயப்படாதீங்க" என்று ஓர் இடத்தில் சொன்னார்கள். மூலநோயாக இருக்கும் என்று நாங்களும் நினைத்தோம். எட்டு மாதம் போய்விட்டது. குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்தபோது கட்டி குடல் சுவரைத் தாண்டியிருந்தது.

காம்பஸ் என்ற ஆய்வில் இதயத் தமனி அல்லது கால் தமனி நோயுள்ள 27,395 பேர் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், ரிவராக்ஸபான் மாத்திரைகளில் இருந்தார்கள். வயிறு, குடலில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு அங்கே புற்றுநோய் தெரியவந்தது. கசிவு இல்லாதவர்களில் 0.5 சதவீதம். சிறுநீரில் ரத்தம் வந்தவர்களுக்கும் இதே கதைதான், அங்கே விகிதம் இன்னும் அதிகம். மாத்திரை கட்டியை உண்டாக்கவில்லை. ஒளிந்திருந்த கட்டியைச் சீக்கிரம் கசியவைத்துக் காட்டிக்கொடுத்தது. அதை 'மாத்திரையால்' என்று ஒதுக்கினால், கிடைத்த முன்னெச்சரிக்கையைத் தூக்கிப் போட்டதாகும். ரத்தம் வந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், குறிப்பாக ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம் ஆகாதவர்கள். மருத்துவரிடம் போய் "எதனால் என்று பார்த்தே ஆக வேண்டும்" என்று கேளுங்கள்.

இதயத்தில் மட்டும் ஏன் புற்றுநோய் வருவதே இல்லை?

வரும், ஆனால் மிக அரிது. புற்றுநோய்க்கு வழிவிடும் மரபணுப் பிழைகள் பெரும்பாலும் செல் பிரியும்போதுதான் நேரும். இதயத் தசைச் செல்கள் கிட்டத்தட்டப் பிரிவதே இல்லை. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14-ஐ வைத்து ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் கணக்கிட்டார்கள்: 25 வயதில் வருஷத்துக்கு 1 சதவீதம் செல்கள்தான் புதிதாகின்றன, 75 வயதில் அரை சதவீதத்துக்கும் குறைவு.

மாரடைப்பு வந்து தேறியவர் என்ன செய்யலாம்?

புகையிலையை விடுவது. இதற்கு நிகராக வேறொன்றும் இல்லை. பிரஷர், சர்க்கரை, கொழுப்பைக் கட்டுக்குள் வைப்பது, மருத்துவர் சொன்ன அளவுக்கு நடப்பது. இதயத்துக்காகச் செய்யும் இதெல்லாம் புற்றுநோய் வாய்ப்பையும் குறைக்கிறது என்பது அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்விலும் க்ரோனிங்கன் மக்கள் ஆய்விலும் தெரிந்திருக்கிறது.

அப்புறம், இதய டாக்டரைப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். பைபாஸ் ஆனவருக்கு மற்றப் பரிசோதனைகள் எதுவும் யாருக்கும் ஞாபகம் வராது. நம் நாட்டின் அரசுத் திட்டத்தில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும், பெண்களுக்கு மார்பக, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைகளும் உண்டு. இதய நோயாளிக்கும் அவை உண்டு.

இரண்டு நோயும் சேர்ந்து வந்துவிட்டால் யாரிடம் போவது?

இதற்கென்றே இதயப் புற்றுநோயியல் என்று ஒரு துறை வளர்ந்திருக்கிறது, பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால், இரண்டு டாக்டர்களும் ஒருவரையொருவர் அறியும்படி செய்ய வேண்டியது குடும்பத்தின் வேலையாகிறது. டாக்ஸோரூபிசின், டிராஸ்டுஸுமாப் போன்ற புற்றுநோய் மருந்துகள் இதயத் தசையைப் பலவீனமாக்கக்கூடியவை. அதனால்தான் ஆரம்பிக்கும் முன்பும் நடுவிலும் எக்கோ எடுக்கிறார்கள். குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஃப்ளூரோயுராசில், கேப்சிடபின் மருந்துகள் சிலருக்கு இதயத் தமனியை இறுகவைத்து நெஞ்சுவலி உண்டாக்கும்.

பெரியம்மா ஒரு மஞ்சள் துணிப்பையில் இரண்டு ஃபைலையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போனார். முதல் கீமோ அன்று ஸ்டென்ட் வைத்த சீட்டைத் தாமாகவே எடுத்து நீட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் டாக்டர் பெரியப்பாவை ஈ.சி.ஜி. மானிட்டர் இருந்த படுக்கைக்கு மாற்றச் சொன்னார்.